கட்டி சுருங்கியதா, செத்ததா?

புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தால், ஐயத்துக்குரிய இடத்தில் ஊசியைச் செலுத்தித் துளி சதையை எடுத்து, அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொல்வது மருத்துவத்தின் பொது விதி. மார்பகம், நுரையீரல், குடல், கருப்பைவாய் என ஏறக்குறைய எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் இந்த விதி, கல்லீரலில் தானாகத் தோன்றும் முதன்மைப் புற்றுக்கு மட்டும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. உரிய நோயாளிக்கு உரிய முறையில் எடுக்கப்பட்ட படமே நோயை உறுதிசெய்யும் என்ற கொள்கையை 2000ஆம் ஆண்டு பார்சலோனாவில் கூடிய ஐரோப்பிய ஈரல் வல்லுநர்கள் வகுத்து, மறு ஆண்டில் அச்சிட்டனர். இரண்டு வகைப் படங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று அன்று கேட்ட விதி, கருவிகள் தேறத் தேறத் தளர்ந்து, இன்று ஒரே ஒரு நல்ல சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது.

ஊசியைத் தவிர்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. இந்தப் புற்று பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலில்தான் தோன்றுகிறது. கெட்ட ஈரல் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைப் போதிய அளவு செய்து தராது. எனவே ஊசி போட்ட இடத்தில் கசிவு நிற்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஊசி சென்ற தடத்திலேயே புற்றணுக்கள் விதைபோல் விழுந்து முளைத்ததும் அரிதாக நடந்துள்ளது. கட்டி சிறியதானால் ஊசி அதைத் தொடாமலே பக்கத்துச் சதையை எடுத்துவந்து, நோயே இல்லை என்று பொய்ச் சான்று தந்துவிடக்கூடும். இவை ஊசியின் குறைகள் மட்டுமே. படத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கான காரணம் ஈரலின் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அதற்குள் செல்லுமுன் இந்த நோய் யாரைத் தேடி வருகிறது என்று பார்ப்பது நல்லது.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 7.58 லட்சம் பேர். வந்தவர் எண்ணிக்கையும் போனவர் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பது, நோய் மிகவும் தாமதமாகவே கண்ணில் படுகிறது என்பதற்குச் சான்று. ஈரல் வலியை எளிதில் காட்டாத உறுப்பு; முக்கால் பாகம் பழுதான பிறகும் வேலையை இழுத்துக்கொண்டு ஓடக்கூடியது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, உடல் மெலிந்து ஒருவர் மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் கட்டி வெகுவாக வளர்ந்திருக்கும்.

மலேசியாவின் கேமரன் மலையின் வடகோடியில், பேராக், கிளந்தான் மாநில எல்லைகளுக்கு அருகே அமைந்த கம்போங் ராஜாவையும், அதை அடுத்த புளூ வேலி தேயிலைத் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டால், இந்தத் தாமதம் எப்படி நேர்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் பலர் இன்று தோட்ட வேலையை விட்டுக் காய்கறிப் பண்ணைக்கும் கடைக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். அவர்கள் விட்ட இடத்தை வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் நிரப்பியிருக்கின்றனர். ஆனாலும் லயத்தை ஒட்டிய கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வயதானவர்களும் அங்கேயே இருக்கின்றனர். ஈரல் புற்று வயதானவர்களின் நோய் என்பதால், இந்தக் கதை அவர்களைப் பற்றியது.

மலேசியாவில் ஈரல் புற்றுக்கு முதற்காரணம் ஹெப்படைடிஸ் பி கிருமி. 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அதற்கான தடுப்பூசி போடப்பட்டு வருவதால் இளைய தலைமுறை பெருமளவு தப்பிவிட்டது; அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஹெப்படைடிஸ் சி கிருமியை முற்றாக ஒழிக்கும் சோபோஸ்புவிர் மருந்தை மலிவாகப் பெறுவதற்காக 2017இல் மலேசிய அரசு காப்புரிமையைக் கடந்து அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கியதும், 2021இல் ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை ஏற்றதும் உலக அளவில் பேசப்பட்டவை. ஆனால் மலேசிய இந்தியரிடம் நோயின் வழி சற்று வேறு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்களிடம் வந்த ஈரல் புற்று நோயாளிகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சீனரிடமும் மலாய்க்காரரிடமும் ஹெப்படைடிஸ் பி முன்நிற்க, இந்தியரிடம் மதுவும், காரணம் பிடிபடாத ஈரல் சுருக்கமும் கூடுதலாகக் காணப்பட்டன. தோட்டத்துக் கள்ளுக்கடையும் பின்னர் வந்த மலிவான சம்சுச் சாராயமும் அந்த மதுவின் வரலாறு. காரணம் பிடிபடாதது என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, முற்றிப்போன கொழுப்பு ஈரலாக இருக்கலாம் என்று இன்று கருதப்படுகிறது. கொழுப்பு ஈரலுக்கும் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடம் அது 31.4 விழுக்காடு.

கிருமியோ மதுவோ கொழுப்போ, எது தாக்கினாலும் ஈரல் ஒரே வகையில்தான் புண்படுகிறது. புண்ணான இடம் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்புக்கு நடுவே எஞ்சிய நல்ல சதை முண்டு முண்டாகப் புடைத்துப் புதிதாக வளர முயல்கிறது. தழும்பும் முண்டும் கலந்த இந்த நிலைக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம், என்று பெயர். ஆண்டுக்கணக்கில் செத்தும் பிறந்தும் கொண்டிருக்கும் அணுக்களில் என்றோ ஒன்று பிறழ்ந்து கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்று. மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி தின்று தேறியதோடு ஈரல் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தழும்பை மறந்துவிடுகின்றனர். கீழாநெல்லியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னை ஆய்வாளர்களும், ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. கிருமி மறைந்தாலும் மறையாவிட்டாலும், விழுந்த தழும்பு எளிதில் மறைவதில்லை. அந்தத் தழும்புள்ள ஈரலுக்குக் கண்காணிப்பு வேண்டும்.

இனி இரத்த ஓட்டத்துக்கு வரலாம். உடலின் பெரும்பாலான உறுப்புகள் தமனி ஒன்றிலிருந்தே இரத்தம் பெற, கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஏறத்தாழ முக்கால் பங்கையும், இதயத்திலிருந்து நேரே வரும் ஈரல் தமனி எஞ்சிய கால் பங்கையும் தருகின்றன. புற்றுக்கட்டியோ, வளர வளரப் போர்ட்டல் சிரையின் தொடர்பை இழந்து, தனக்கென்று புதிய தமனிக் கிளைகளை இழுத்துக்கொண்டு, முழுக்கத் தமனி இரத்தத்தையே குடித்து வாழத் தொடங்குகிறது. வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர் வயல்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் தம் பாத்திக்கு மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டால், மற்ற வயல்கள் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பாத்தி மட்டும் நனைந்திருக்கும். வாய்க்கால் தண்ணீர் வந்து மற்ற வயல்கள் நிறைந்து நிற்கும்போது அந்தப் பாத்தி வடிந்து வெளிறிக் கிடக்கும். ஈரல் புற்றைப் படத்தில் கண்டறியும் கலை இந்த வேறுபாட்டை நொடிக்கணக்கில் பிடிப்பதுதான்.

சி.டி. கருவியின் வளையத்துக்குள் படுத்தவருக்கு முழங்கை மடிப்பில் உள்ள சிரையின் வழியே, கான்ட்ராஸ்ட் எனப்படும் அயோடின் கலந்த மருந்து விசைக் கருவியால் வேகமாகச் செலுத்தப்படுகிறது. உடலெங்கும் திடீரென ஒரு சூடு பரவும். நாக்கில் உலோகச் சுவை தட்டும். சிறுநீர் பிரிந்துவிட்டதோ என்ற மயக்கம்கூடச் சிலருக்கு வரும். இவை சில நொடிகளில் அடங்கிவிடும். மருந்து போவதற்கு முன் ஒரு படம். போன ஏறத்தாழ 35ஆவது நொடியில், தமனிகளில் மருந்து நிறைந்து சிரைகளுக்கு அப்போதுதான் எட்டிப்பார்க்கும் தறுவாயில், இரண்டாவது படம். 70ஆவது நொடியளவில் போர்ட்டல் சிரையும் ஈரல் முழுவதும் ஒளிரும்போது மூன்றாவது. மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் நான்காவது. ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்திருக்கச் சொல்வார்கள். மூச்சு விட்டுவிட்டால் ஈரல் உதரவிதானத்தோடு சேர்ந்து மேலும் கீழும் நகர்ந்து படம் கலங்கிவிடும் என்பதால், அந்தச் சில நொடி மூச்சடக்கலைக் கருவிக்காகச் செய்யும் வெறும் சடங்கு என்று அலட்சியமாக எடுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது படத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட வெளிச்சமாகப் பளிச்சிட்டு, மூன்றாவதிலோ நான்காவதிலோ சுற்றியுள்ள ஈரலைவிட இருண்டுபோகும் முண்டு புற்று. பளிச்சிடுவதைத் தமனி நிலைப் பிரகாசம் என்றும், இருண்டுபோவதைக் கழுவிப்போதல் என்றும் கதிரியக்க மருத்துவர்கள் அழைக்கின்றனர். நான்கு படங்களில் எந்த ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் தீர்ப்புக் கிடைக்காது; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரும் மாற்றமே சாட்சி. இரண்டாவது படம் பத்து நொடி முந்திவிட்டால் மருந்து கட்டியை எட்டியிராது. பத்து நொடி பிந்திவிட்டால் ஈரல் முழுவதும் வெளிச்சமாகிக் கட்டி அதற்குள் மறைந்துவிடும். வயிற்றில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லையாம் என்று ஒருவர் சொன்னால், அந்த ஸ்கேன் ஈரலுக்கென்று நான்கு நிலைகளில் எடுக்கப்பட்டதா, வயிற்றுக்குப் பொதுவாக ஒரே நிலையில் எடுக்கப்பட்டதா என்று கேட்பது முறையான கேள்வி. சாதாரண வயிற்று வலிக்கு எடுக்கப்படும் சி.டி.யில் பெரும்பாலும் 70ஆவது நொடிப் படம் மட்டுமே இருக்கும்.

ஒரே படத்தை ஒருவர் புற்று என்றும் மற்றொருவர் சந்தேகம் என்றும் எழுதும் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011இல் லை-ராட்ஸ் என்ற அளவுகோலை வெளியிட்டது. உறுதியாகத் தீங்கற்றதற்கு 1, உறுதியான புற்றுக்கு 5, இடையில் ஐயத்தின் படிகள் என்று முண்டுகளுக்கு எண் தரும் முறை அது. பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத அளவு, பளிச்சிடல், கழுவிப்போதல், முண்டைச் சுற்றி மெல்லிய உறைபோன்ற வளையம், ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேல் வளர்ந்திருத்தல் என்னும் அடையாளங்களைக் கூட்டிப் பார்த்தே 5 என்று எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்டுவிட்டால், சதைத் துணுக்கு இல்லாமலே அறுவை சிகிச்சைக்கோ மாற்று ஈரலுக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லலாம். ஒரு முண்டானால் ஐந்து சென்டிமீட்டருக்குள்ளும், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள்ளும் இருந்தால் மாற்று ஈரல் பயன்தரும் என்று இத்தாலிய அறுவை மருத்துவர் மட்ஸாஃபெரோ 1996இல் காட்டியது முதல், படத்தில் வைக்கும் அளவுகோலின் ஓரிரு மில்லிமீட்டரில் ஒருவரின் வாய்ப்பே மாறிவிடுகிறது.

லை-ராட்ஸ் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அது சிறிய செய்தி அன்று. ஈரல் சுருக்கம் உள்ளவர், நாட்பட்ட ஹெப்படைடிஸ் பி உள்ளவர், முன்பே ஈரல் புற்று வந்தவர் ஆகியோருக்கு மட்டுமே லை-ராட்ஸ் பொருந்தும். அவர்களிடம் புற்று வரும் வாய்ப்பு முன்னமே அதிகம் என்பதால்தான் படத்தின் சொல்லை அவ்வளவு நம்ப முடிகிறது. நல்ல ஈரலில் அதேபோல் பளிச்சிடும் தீங்கற்ற கட்டிகளும், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுகளும் இருக்கக்கூடும். கொழுப்பு ஈரலின் வழியே வரும் புற்று, சில வேளைகளில் ஈரல் சுருங்கும் நிலையை எட்டாமலே தோன்றிவிடுகிறது. அத்தகைய நோயாளியைக் கண்காணிப்புப் பட்டியலில் யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். கட்டி தெரிந்த பின்னும் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல இயலாது, ஊசி வேண்டியதாகிறது. கிருமிகளின் காலத்தில் வகுக்கப்பட்ட விதிகள் இனிப்பு நீரின் காலத்துக்குச் சற்று இறுக்கமாக இருக்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

நோய் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டுமானால் நோயாளி வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஈரல் சுருக்கம் உள்ள அனைவரும், சுருக்கம் இல்லாவிட்டாலும் ஹெப்படைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்கள் 40 வயதுக்கு மேலும் பெண்கள் 50 வயதுக்கு மேலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய நெறி. ஈரல் புற்று இரட்டிப்பாவதற்குச் சராசரியாகச் சில மாதங்கள் ஆகின்றன என்ற கணக்கிலிருந்து பிறந்ததே இந்த ஆறு மாதம். ஷாங்காய் நகரில் 1990களில் ஹெப்படைடிஸ் வரலாறுள்ள 18,816 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்ததில், அந்தப் பிரிவில் ஈரல் புற்று மரணம் 37 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் எல்லாத் தடவையும் வரவில்லை. வந்த அளவுக்கே இந்தப் பயன்.

அல்ட்ராசவுண்ட் மலிவானது, கதிர்வீச்சு இல்லாதது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது ஒலி அலையின் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. கொழுப்பு அந்த ஒலியை விழுங்கிவிடுவதால், பருத்த உடலும் கொழுப்பேறிய ஈரலும் உள்ளவருக்கு ஈரலின் ஆழப் பகுதி மூடுபனியில் தெரியும் சரிவுபோல் மங்கிவிடும். தொடக்கநிலைப் புற்று உள்ள 100 பேரில் அல்ட்ராசவுண்ட் தனித்துக் காட்டுவது ஏறத்தாழ 45 பேரை. இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் 63 பேரை. எஞ்சியவர்களுக்கு அடுத்த ஆறு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு வருகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். ஒரு தவணை தவறினால் அந்தப் பலம் போய்விடும்.

தவணை தவறுவது எப்படி என்பதைக் கம்போங் ராஜாவிலிருந்து பார்த்தால் விளங்கும். மாவட்ட மருத்துவமனையான சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. அங்கே போகக் குவாலா தெர்லா, திரிங்காப், பிரிஞ்சாங் வழியாக மலை நெடுக வளைந்து செல்லும் ஒரே சாலைதான் உண்டு. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுலாப் பயணிகளின் கார்கள் அதை அடைத்துவிடும். ஆட்சி எல்லையின்படி ஊர் பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் பகாங்கின் தலைநகர் குவாந்தான் கிழக்குக் கடற்கரையில் இருக்க, மலையிறங்கினால் எதிர்ப்படும் முதல் பெருநகரம் பேராக்கின் ஈப்போ. 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறக்கப்பட்ட பிறகே ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இவ்வூர் மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதற்கு முன் மலையின் முழு நீளத்தையும் கடந்து தாப்பா வழியாக இறங்கிச் சுற்ற வேண்டும். ஈரல் அறுவைக்கென்று நாடறிந்த செலாயாங் மருத்துவமனையோ கோலாலம்பூரின் வடக்கு வாயிலில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்குக் கட்டணம் 5 ரிங்கிட் என்னும்போது தடை பணம் மட்டுமல்ல. ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும், வண்டிச் செலவும், மழைக்காலத்தில் சரிவு விழுந்த சாலையும் சேர்ந்து, உடம்பில் ஒரு குறையும் தெரியாத ஒருவரைத் தவணையைத் தள்ளிப்போட வைக்கின்றன. டிரசர் எனப்படும் தோட்டத்து மருத்துவ உதவியாளர் வீட்டுக் கதவைத் தட்டி மருந்து கொடுத்த காலம் முடிந்துவிட்ட நிலையில், நினைவூட்டும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

சந்தேகம் தீராத முண்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. கூடுதல் உதவி செய்கிறது. கேடாக்ஸெடிக் அமிலம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தில் ஏறத்தாழ பாதியை நல்ல ஈரல் அணுக்கள் உறிஞ்சிப் பித்தத்தில் விடுகின்றன. எனவே மருந்து செலுத்தி 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல ஈரல் வெளிச்சமாகவும், உறிஞ்சும் திறனை இழந்த புற்று கறுத்த ஓட்டையாகவும் தெரியும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, இரத்தக் குழாயிலேயே சுற்றும் நுண்குமிழ்களைச் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் வேறொரு வழி; இனிப்பு நீர் முற்றிய நோயாளிகளுக்கு இது பயன்படும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு படம் பார்க்கும் கலை இன்னும் நுட்பமாகிறது. மருந்து கேட்டதா என்று அறிய, கட்டியை முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதே இயல்பான வழி. அந்த வழியின் வரலாறு சுவையானது. 1976இல் மோர்டெல், ஹேன்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 12 உருண்டைகளை மெத்தையில் வைத்து, மேலே நுரைப்பஞ்சுத் தாளால் மூடி, 16 புற்றுநோய் மருத்துவர்களைக் கையால் தடவி அளக்கச் சொன்னார்கள். ஒரே உருண்டையை ஒருவரே இரண்டு முறை அளந்தபோதும் வெவ்வேறு எண் வந்தது. அளவு பாதியாகக் குறைந்தால்தான் அது கைத்தவறு அல்ல என்று கொள்ளலாம் என்ற முடிவு அங்கிருந்து பிறந்து, உலக சுகாதார நிறுவனத்தின் விதியாகி, 2000இல் ரெசிஸ்ட் என்ற பெயரில் புதிய உருவம் பெற்றது. கட்டியின் நீள அளவுகளின் கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் பலன், 20 விழுக்காடு கூடினால் நோய் முற்றுகிறது என்று அது சொல்கிறது. பல புற்றுகளுக்கு நன்றாக உழைத்த இந்த அளவுகோல் ஈரலில் தடுமாறிப்போனது.

காரணம், ஈரல் புற்றின் சிகிச்சைகள் கட்டியைக் கரைப்பதைவிடப் பட்டினி போட்டும் சுட்டும் கொல்வதையே பெரும்பாலும் செய்கின்றன. தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாயை ஈரல் தமனிக்குள் செலுத்தி, புற்றுமருந்தையும் லிப்பியோடால் என்ற எண்ணெயையும் கலந்து கட்டிக்குள் விட்டு, பின் அந்தத் தமனிக் கிளையை அடைத்துவிடும் டேஸ் சிகிச்சை 1970களின் இறுதியில் ஜப்பானில் வளர்ந்தது. மோட்டாரின் குழாயை மூடினால் அந்தப் பாத்தி காயும், வாய்க்கால் தண்ணீரில் மற்ற வயல்கள் பிழைக்கும் என்ற அதே கணக்குதான். லிப்பியோடால், 1901இல் பிரான்சில் கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்யப்பட்டது. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அது கட்டிக்குள் தங்கி சி.டி. படத்தில் வெள்ளைவெளேரென்று தெரிவதால் மருந்து சேர வேண்டிய இடம் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த வெண்மை, ஓரத்தில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புற்றின் மெல்லிய பளிச்சிடலை மறைத்துவிடும். அதனால் இத்தகைய நோயாளிக்கு மறுபார்வைக்கு எம்.ஆர்.ஐ.யைப் பலர் விரும்புகின்றனர்.

அடைபட்ட கட்டி செத்துவிட்டாலும் பிணம்போல் அதே இடத்தில் அதே பருமனில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசிமுனையால் சூடேற்றிக் கட்டியைச் சுடும் முறையில் நிலைமை இன்னும் விந்தையானது: கட்டியைச் சுற்றி நல்ல சதையிலும் ஒரு விளிம்பு சேர்த்துச் சுட வேண்டும் என்பதால், ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் சுட்ட வடு, இருந்த கட்டியைவிடப் பெரியதாகத் தெரியும். அளவுகோலை மட்டும் நம்பினால் நோய் வளர்ந்துவிட்டது என்று எழுத நேரும். உண்மையில் அது சிகிச்சை வென்றதற்கான சான்று. இந்தப் படத்தில் பார்க்க வேண்டியது பருமனை அல்ல, இரத்தம் குடிக்கிறதா என்பதை. 2010இல் லென்சியோனி, லோவெட் ஆகியோர் வகுத்த திருத்திய ரெசிஸ்ட், தமனி நிலைப் படத்தில் பளிச்சிடும் பகுதியை மட்டுமே உயிருள்ள கட்டி என்று கொண்டு அளக்கிறது. பளிச்சிடல் முற்றும் மறைந்தால் முழுப் பலன். லை-ராட்ஸ் முறையிலும் பின்னர் உயிருள்ளது, உயிரற்றது, ஐயத்துக்குரியது என்ற மூன்று பெயர்கள் சேர்ந்தன.

எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதில் விடையே மாறுவதற்கு மருந்துச் சிகிச்சையில் நல்ல உதாரணங்கள் உள்ளன. ஈரல் புற்றில் ஆயுளைக் கூட்டிய முதல் மாத்திரையான சோரஃபெனிப், 602 நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சராசரி ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீட்டியது. ஆனால் பழைய அளவுகோலின்படி கட்டி சுருங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. சுருக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள். 2020இல் வந்த அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துக் கூட்டுக்கும் அதே கதை: ஒரே நோயாளிகளின் ஒரே படங்களைப் பழைய கோலால் அளந்தபோது 27 விழுக்காட்டினருக்கும், புதிய கோலால் அளந்தபோது 33 விழுக்காட்டினருக்கும் பலன் தெரிந்தது. மருந்தும் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை.

புதிய கோலும் குறையற்றது அன்று. இட்ரியம் என்ற கதிர்வீசும் தனிமத்தை நுண்மணிகளில் ஏற்றித் தமனி வழியே அனுப்பும் சிகிச்சைக்குப் பிறகும், வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிய பிறகும், செத்துக்கொண்டிருக்கும் கட்டி பல மாதங்கள் பளிச்சிட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தப் பளிச்சிடலை உயிர் என்று எண்ணி இன்னொரு சிகிச்சையில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, 2024இல் லை-ராட்ஸ் கதிர்ச் சிகிச்சைக்கு மட்டும் தனி விதி வகுத்து, முற்றாதது என்ற புதிய பெயரைச் சேர்த்தது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளில், பாதுகாப்பு அணுக்கள் கட்டிக்குள் திரள்வதால் கட்டி முதலில் பருத்துப் பின் அடங்குவதும் அரிதாக உண்டு.

ஆகவே, சிகிச்சைக்குப் பின் வரும் அறிக்கையில் கட்டி அப்படியே இருக்கிறது என்ற வரியைப் படித்து வீடே இடிந்துபோவதும், சற்றுச் சிறுத்திருக்கிறது என்று கண்டு மருந்தை நிறுத்துவதும் ஒருசேரத் தவறாக முடியலாம். எந்தச் சிகிச்சை, எத்தனை வாரத்துக்குப் பின், உயிருள்ள பகுதி எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு. இதற்கெல்லாம் முன்தேவை பழைய படம். வளர்ச்சி என்பது ஆறு மாதத்துக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. பலன் என்பது சிகிச்சைக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு மருத்துவமனையின் கணினியில் உள்ள படம் இன்னொரு மருத்துவமனையின் திரையில் தானாகத் தோன்றிவிடுவதில்லை என்பதால், தானா ராத்தாவில் எடுத்த அல்ட்ராசவுண்டின் அறிக்கையையும் ஈப்போவில் எடுத்த சி.டி.யின் குறுந்தட்டையும் நோயாளியே கையோடு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தட்டின் உறைமேல் எடுத்த தேதியையும், அதற்கு முன் நடந்த சிகிச்சையின் பெயரையும் நாளையும் பேனாவால் எழுதிவைத்தால், கதிரியக்க மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கு உறையே விடை சொல்லிவிடும்.